எக்ஸ்5 ஜெர்மனியில் பிறப்பதில்லை: பி.எம்.டபிள்யூ வண்டியின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 ஒன்றைப் பார்த்ததும் 'ஜெர்மன் வண்டி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் 1999-இல் முதல் எக்ஸ்5 வெளிவந்ததிலிருந்து இன்றுவரை அந்த மாடல் ஜெர்மனியில் வரிசை உற்பத்தியில் இருந்ததே இல்லை. அதன் தாய்வீடு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஸ்பார்டன்பர்க் ஆலை. பானட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகரிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருக்கும். வடிவமைப்பு மியூனிக், எஞ்சின் ஸ்டெயர், வண்டி ஸ்பார்டன்பர்க். இதில் எந்த ஊரை 'எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்குப் பதிலாகச் சொல்வது? சுங்கத்துறை ஒன்றைச் சொல்லும், சேசிஸ் எண் வேறொன்றைச் சொல்வது போலத் தோன்றும், விற்பவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். பழைய வண்டி வாங்கும்போதும், வெளிநாட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவரும்போதும், உதிரிபாகம் ஆர்டர் செய்யும்போதும் இந்தக் குழப்பம் பணத்தில் போய் முடிகிறது.

எந்த மாடல் எங்கே என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஜெர்மனியில் நான்கு கார் ஆலைகள். மியூனிக் ஆலைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 3 சீரிஸ், ஐ4, எம்3 ஆகியவை அங்கே ஓடிய மாடல்கள். 2027 முடிவிலிருந்து அங்கே மின்சாரக் கார்கள் மட்டுமே என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. டிங்கோல்ஃபிங்தான் பெரிய செடான்களின் ஊர்: 5 சீரிஸ், 7 சீரிஸ், அவற்றின் மின்சார வடிவங்களான ஐ5, ஐ7, கூடவே ஐஎக்ஸ், 4 சீரிஸ் கூப்பே. ரேகன்ஸ்பர்க்கில் எக்ஸ்1, எக்ஸ்2 போன்ற சிறிய எக்ஸ் வகைகள். 2005-இல் திறந்த லைப்ஸிக்கில் 1 சீரிஸ், 2 சீரிஸ் கிரான் கூப்பே ஆகியவற்றோடு பி.எம்.டபிள்யூவின் இன்னொரு பிராண்டான மினியின் கன்ட்ரிமேனும் 2023 முதல் வருகிறது. கார்பன் ஃபைபர் உடல் கொண்ட பழைய ஐ3, ஐ8 இரண்டும் லைப்ஸிக் வண்டிகளே.

ஜெர்மனிக்கு வெளியே பி.எம்.டபிள்யூவின் முதல் ஆலை தென் ஆப்பிரிக்காவின் ரோஸ்லின், 1973. பல பத்தாண்டுகள் அங்கே 3 சீரிஸ்தான். 2018-இல் எக்ஸ்3-க்கு மாறியது. 2024-இல் வந்த புதிய தலைமுறை எக்ஸ்3-இல், பிளக்-இன் ஹைபிரிட் வகையை உலகத்துக்கே கட்டித் தருவது ரோஸ்லின். ஆகவே ஒரே ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு எக்ஸ்3-களில் பெட்ரோல் வண்டி அமெரிக்காவிலிருந்தும், ஹைபிரிட் தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்திருக்கக்கூடும். சீனாவில் விற்கும் நீள வீல்பேஸ் எக்ஸ்3 ஷென்யாங்கில் தயாராகிறது. ஒரே பெயர், மூன்று கண்டங்கள்.

ஸ்பார்டன்பர்க்கில் உற்பத்தி 1994-இல் தொடங்கியது. எக்ஸ்3, எக்ஸ்5, எக்ஸ்6, எக்ஸ்7, எக்ஸ்எம் என்று பெரிய எக்ஸ் வகைகள் எல்லாம் அங்கேதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் வண்டிகள். பாதிக்கு மேல் ஏற்றுமதி, அதில் பெரும்பங்கு சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாக. மெக்ஸிகோவின் சான் லூயிஸ் பொட்டோசி ஆலை 2019-இல் திறந்தது: 3 சீரிஸ், 2 சீரிஸ் கூப்பே, எம்2. பி.எம்.டபிள்யூவின் அதிவேகப் பிரிவான எம் வண்டிகளின் பிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தத் தலைமுறையில் எம்2 மெக்ஸிகோ, எம்3 மியூனிக், எம்4 டிங்கோல்ஃபிங். புதிய ஐஎக்ஸ்3 ஹங்கேரியின் டெப்ரெட்சென் ஆலையில் 2025 இறுதியில் உற்பத்திக்கு வந்தது. அதற்கு முந்தைய ஐஎக்ஸ்3 ஷென்யாங்கிலிருந்து ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியானது. ஸீ4-ஐக் கட்டியது பி.எம்.டபிள்யூவே அல்ல, ஆஸ்திரியாவின் கிராட்ஸில் உள்ள மேக்னா ஸ்டெயர் என்ற ஒப்பந்த உற்பத்தியாளர். அதே கூரையின் கீழ்தான் டொயோட்டா ஜி.ஆர். சூப்ராவும் உருவானது, அதனால் ஒரு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஐரோப்பியத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி ஜப்பானுக்கே போனது.

கன்ட்ரிமேனைத் தவிர்த்த மினிக்கு ஆக்ஸ்ஃபோர்டு, அதே குழுமத்தின் ரோல்ஸ்-ராய்ஸுக்கு 2003 முதல் குட்வுட், இரண்டும் இங்கிலாந்து. மின்சார மினி கூப்பரும் ஏஸ்மேனும் மட்டும் சீனாவின் ஜாங்ஜியாகாங்கிலிருந்து, கிரேட் வால் நிறுவனத்துடனான கூட்டு ஆலையில்.

அடுத்தது தொகுப்பு ஆலைகள். இங்கேதான் 'உள்நாட்டில் தயாரித்தது' என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறுகிறது. சென்னை (2007), தாய்லாந்தின் ரயோங், மலேசியாவின் குலிம் போன்ற இடங்களில் வண்டி தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் வந்து இறங்கி, அங்கே கோக்கப்படுகிறது. இதற்குத் தொழிலில் சி.கே.டி. என்று பெயர். பாதி கோத்த நிலையில் வந்தால் எஸ்.கே.டி. முழு வண்டியாகக் கப்பலில் வந்தால் சி.பி.யு. இத்தகைய ஆலைகளுக்குப் பாகங்களைப் பெட்டி கட்டி அனுப்பும் வேலை ஜெர்மனியின் வாக்கர்ஸ்டார்ஃப் மையத்தில் நடக்கிறது. முழு ஆலைக்கும் தொகுப்பு ஆலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம், தகடு அழுத்தும் கூடமும் வெல்டிங் ரோபோக்களும் பெயின்ட் கூடமும்தான். ஆண்டுக்குச் சில ஆயிரம் வண்டிகளுக்காக அவற்றைக் கட்ட முடியாது. ஆகவே பாடி வேறு ஊரில் வெல்டிங் செய்து வர்ணம் அடிக்கப்பட்டு வருவதே இவ்வகை ஆலைகளில் வழக்கம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆக்ஸிலையும் அடியிலிருந்து பாடியோடு சேர்ப்பது, டேஷ்போர்டு, சீட், கண்ணாடி, கதவு உள்பலகை, திரவங்கள் நிரப்புவது, சக்கர அலைன்மென்ட், சோதனை ஓட்டம் ஆகியவை உள்ளூரில். சென்னையில் 2015 வாக்கில் உள்ளூர்ப் பங்கை 50% வரை உயர்த்தியதாக நிறுவனம் அறிவித்தது. எஞ்சின் தொகுப்பை ஃபோர்ஸ் மோட்டார்ஸும், சீட்டை லியரும், கதவுப் பலகையையும் ஒயரிங்கையும் டிரெக்ஸ்ல்மையரும் உள்ளூரிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள்.

இனி சேசிஸ் எண். 17 இடங்கள், எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது, 1 என்றும் 0 என்றும் தவறாகப் படிக்கப்படும் என்பதால். விற்பனை விளம்பரத்தில் தட்டச்சு செய்த சேசிஸ் எண்ணில் 'ஓ' இருந்தால் அது பூஜ்யம்தான்; திருத்திக்கொண்டு தேடுங்கள்.

முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளர் குறியீடு. சாதாரண பி.எம்.டபிள்யூ கார் டபிள்யூ-பி-ஏ என்று தொடங்கும். எம் பிரிவு வண்டி டபிள்யூ-பி-எஸ். மின்சார ஐ வகைகள் டபிள்யூ-பி-ஒய். வட அமெரிக்கச் சந்தைக்கான ஸ்பார்டன்பர்க் எக்ஸ் வகைகள் 5-யு-எக்ஸ், அவற்றின் எம் வடிவங்கள் 5-ஒய்-எம். மெக்ஸிகோ வண்டி 3-எம்-டபிள்யூ, அங்கே தயாராகும் எம்2 என்றால் 3-எம்-எஃப். சீனாவின் ஷென்யாங் எல்-பி-வி. மினி டபிள்யூ-எம்-டபிள்யூ, ரோல்ஸ்-ராய்ஸ் எஸ்-சி-ஏ.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 'டபிள்யூவில் தொடங்கினால் ஜெர்மனி, 5 என்றால் அமெரிக்கா, 3 என்றால் மெக்ஸிகோ' என்ற பட்டியல் இணையம் முழுக்கக் கிடைக்கிறது. 5-உம் 3-உம் சரியாகவே சொல்லும். டபிள்யூதான் ஏமாற்றும். அந்தக் குறியீடு வண்டிக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தைச் சொல்வது. கோத்த கட்டடத்தைச் சொல்வது அல்ல. ரோஸ்லினில் கட்டி அமெரிக்காவுக்குப் போன 3 சீரிஸ்கள் டபிள்யூ-பி-ஏ என்றே தொடங்கின. கிராட்ஸில் கட்டிய ஸீ4-உம் அப்படியே. மினியை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகப் புரியும்: ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த வண்டிக்கும் முதல் எழுத்து டபிள்யூதான், ஏனென்றால் பதிவான தயாரிப்பாளர் மியூனிக்கில் இருக்கும் தலைமை நிறுவனம்.

ஊரைச் சொல்வது 11-ஆம் இடம். அது ஆலைக் குறியீடு. 'என்' என்ற ஆங்கில எழுத்து என்றால் ரோஸ்லின், வி என்றால் லைப்ஸிக், எல் என்றால் ஸ்பார்டன்பர்க், டபிள்யூ என்றால் கிராட்ஸ் என்பவை நீண்டகாலம் புழங்கியவை. ஆனால் ஒரு ஆலைக்கு ஒரே எழுத்து என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பின்னால் ஆறு இலக்க வரிசை எண்தான் மிச்சம், மாடல்கள் அதிகமான ஆலையில் அது விரைவில் தீர்ந்துவிடும். அதனால் மியூனிக்குக்கும் டிங்கோல்ஃபிங்குக்கும் பல எழுத்துகள் ஒதுக்கப்பட்டன, ஸ்பார்டன்பர்க்கின் புதிய வண்டிகளில் 0-உம் வரும். பத்து வருடப் பழைய பட்டியலை வைத்து இன்றைய வண்டியை முடிவு செய்தால் தவறு வரும்.

நிச்சயமான வழி, சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு இடங்களை எடுத்து பி.எம்.டபிள்யூ உதிரிபாகக் கேட்டலாக்கில் போட்டுப் பார்ப்பது. அந்த ஏழே போதும். வண்டியைத் தனியாக அடையாளம் காட்டிவிடும். மாடல், உள்குறியீடு, ஸ்டியரிங் பக்கம், எஞ்சின், வர்ணம், உற்பத்தி நாள் எல்லாம் வரும். சேசிஸ் எண்ணைப் பிரித்துச் சொல்லும் முழுமையான டீகோடர் என்றால் தொகுத்த ஊரும், ஆலையில் போட்ட எல்லா ஆப்ஷன் குறியீடுகளும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் எல் என்று தொடங்கி 8-இல் ஆரம்பிக்கும் எண் எந்த நாட்டுச் சந்தைக்காகக் கட்டியது என்பதைச் சொல்லும். உதாரணமாக எல் 801 என்றால் ஜெர்மன் சந்தை வண்டி. என் பார்வையில் தொகுத்த ஊரைவிட இந்த ஒரு குறியீடு பல மடங்கு முக்கியமானது. விளக்கின் ஒளிவீச்சு, வேகமானியின் அலகு, ரேடியோ அலைவரிசை, வழிகாட்டி வரைபடம், எமிஷன் கருவி என்று பின்னால் தலைவலி தருபவை எல்லாம் இலக்குச் சந்தையால் தீர்மானிக்கப்படுபவை. ஸ்பார்டன்பர்க்கில் ஒரே நாளில் ஐந்து சந்தைகளுக்கான எக்ஸ்5-கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஓடும்.

9-ஆம் இடம் சரிபார்ப்பு எண். வட அமெரிக்கச் சந்தை வண்டிகளுக்கு இது கட்டாயம். கணக்கு எளிது. ஏ முதல் எச் வரை 1 முதல் 8. ஜேயிலிருந்து மறுபடியும் 1. இல்லாத ஓவுக்கும் க்யூவுக்கும் உரிய 6, 8 காலியாகவே நிற்கும், எனவே என் 5, ஆர் 9. எஸ்ஸிலிருந்து 2 முதல் 9 வரை. பிறகு ஒவ்வொரு இடத்தின் மதிப்பையும் 8, 7, 6, 5, 4, 3, 2, 10, 0, 9, 8, 7, 6, 5, 4, 3, 2 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுக்க வேண்டும். மீதிதான் 9-ஆம் இடத்தில் இருக்க வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ். பழகிப் பார்க்க 17 இடத்திலும் 1 போடுங்கள். எடைகளின் கூட்டுத்தொகை 89, 11-ஆல் வகுத்தால் மீதி 1, பொருந்துகிறது. ஒரு இலக்கத்தைத் தவறாக எழுதியிருந்தாலோ, தகட்டை யாராவது மாற்றி அடித்திருந்தாலோ இந்தக் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். ஐரோப்பாவுக்குக் கட்டிய வண்டியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே 9-ஆம் இடம் சரிபார்ப்பு எண்ணாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு பொருந்தாவிட்டால் அது மோசடி என்று ஆகாது.

10-ஆம் இடமும் அப்படித்தான். வட அமெரிக்க வண்டியில் அது மாடல் ஆண்டு: 2021-க்கு எம், 2022-க்கு என், 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். ஐரோப்பிய வண்டியில் அங்கே பெரும்பாலும் வெறும் 0 இருக்கும். மாடல் ஆண்டும் உற்பத்தி ஆண்டும் ஒன்றல்ல. 2024 ஆகஸ்டில் கட்டிய வண்டி 2025 மாடல் என்று விற்கப்படலாம், அதில் தவறில்லை. உங்களுக்கு வேண்டியது உற்பத்தி மாதம். பி.எம்.டபிள்யூ மார்ச், ஜூலை, நவம்பர் மாதங்களை ஒட்டி மாடல்களில் மாற்றம் செய்வது வழக்கம். கேட்டலாக்கில் ஒரே பாகத்துக்கு 'இந்த மாதம் வரை', 'இந்த மாதம் முதல்' என்று இரண்டு பாக எண்கள் இருப்பதும், பதிவுப் புத்தகத்தின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்கிய பாகம் பொருந்தாமல் போவதும் இதனால்தான். ரீகால் அறிவிப்புகளும் உற்பத்தி நாள் எல்லையை வைத்தே வரும்.

சேசிஸ் எண் வண்டியில் குறைந்தது மூன்று இடத்தில் இருக்கும்: முன் கண்ணாடியின் அடியில், கதவுத் தூணில் உள்ள தகடு அல்லது ஸ்டிக்கரில், பாடியிலேயே அடித்த முத்திரையாக. பல மாடல்களில் முத்திரை எஞ்சின் அறையின் வலப்பக்கம், சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் உட்காரும் மேட்டின் மேல் இருக்கும். டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருக்க வேண்டும், சுற்றிலும் பெயின்ட்டின் மேற்பரப்பு பக்கத்துத் தகட்டைப் போலவே இருக்க வேண்டும். தேய்த்த கோடோ, புட்டி மேடோ தெரிந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தைத்த லேபிளில் அதன் தயாரிப்புத் தேதி இருக்கும். டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். கண்ணாடிகளின் மூலையிலும் ஆண்டுக் குறி உண்டு. ஆலையிலிருந்து வந்த இவை எல்லாம் வண்டியின் உற்பத்தி மாதத்துக்குச் சற்று முந்தையதாக இருக்க வேண்டும். ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் இரண்டு வருடம் புதியது என்றால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது, அல்லது கண்ணாடி உடைந்து மாற்றியிருக்கிறார்கள். பெல்ட் புதியது என்றால் ஏர்பேக் வெடித்ததா என்று கேளுங்கள்.

சுங்கத்தில் கேள்வி வேறு. அங்கே பிராண்டின் நாடும் கணக்கில்லை, கப்பலேறிய துறைமுகமும் கணக்கில்லை. வண்டி வண்டியாக உருவான நாடுதான் பிறப்பிடம். ஸ்பார்டன்பர்க் எக்ஸ்5 பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இறங்கி, ஜெர்மனியில் பதிவாகி, மூன்று வருடம் ஓடி, பிறகு வேறு நாட்டுக்குப் போனாலும் அது அமெரிக்கப் பிறப்பிட வண்டிதான். ஐரோப்பிய ஒன்றியத்துடனான வர்த்தக ஒப்பந்தத்தின் வரிச்சலுகை அதற்குக் கிடைக்காது. ஜெர்மன் பில்லை மட்டும் நம்பி வரியைக் கணக்குப் போட்டவர்கள் விழும் குழி இது. பிறப்பிடச் சான்றை வாங்கும் முன்பே கேட்க வேண்டும், வண்டி துறைமுகத்தில் நிற்கும்போது கேட்டால் நாள்வாடகை ஏறும்.

பிறப்பிடம் நிறுவனத்தின் திட்டத்தையே புரட்டிப் போடும் என்பதற்கு 2018 நல்ல சாட்சி. அந்த ஜூலையில் சீனா அமெரிக்கக் கார்களுக்கான வரியை 40%-ஆக உயர்த்தியது. அடிபட்டவை அமெரிக்க பிராண்டுகள் மட்டுமல்ல, ஸ்பார்டன்பர்க்கிலிருந்து போன எக்ஸ்5-களும்தான். 2019 தொடக்கத்தில் அந்தக் கூடுதல் வரி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனாலும் 2022 முதல் சீனச் சந்தைக்கான எக்ஸ்5 ஷென்யாங்கிலேயே கட்டப்படுகிறது. எதிர்த்திசையிலும் நடந்தது: 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் சீனாவில் தயாரான மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் வரி போட்டபோது, ஜாங்ஜியாகாங் மினிகளுக்கு வழக்கமான 10%-க்கு மேல் 20.7% விழுந்தது. வரி பிராண்டைப் பார்ப்பதில்லை.

ஊர் மாறினால் தரம் மாறுமா என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஆலையைப் பார்த்து வண்டியை ஒதுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வரைபடமும் அளவு எல்லைகளும் திருகு முறுக்கும் ஒன்றே. ஒரு எக்ஸ்5-ஐ எந்த ஆலையில் கட்டினாலும் கியர்பாக்ஸ் அதே இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு வேகப் பெட்டிதான். பார்க்க வேண்டியது புதிய மாடல் தொடங்கிய முதல் ஆறு மாதம். மென்பொருளும் சப்ளையர் பாகங்களும் நிலைப்படுவதற்கு முன் கட்டியவை அவை, மியூனிக்கிலும் அதே கதைதான்.

கடைசியாக, கப்பலில் வந்த புது வண்டியை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆலையை விட்டுக் கிளம்பும்போது வண்டி டிரான்ஸ்போர்ட் மோடில் இருக்கும். பேட்டரி இறங்காதபடி பல வசதிகள் முடக்கப்பட்டிருக்கும். கப்பலிலும் லாரியிலும் கட்டி இறுக்கும்போது வண்டி அமுங்கி ஆடாமல் இருக்க, சில மாடல்களில் முன் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே அடைப்புக் கட்டைகள் செருகப்பட்டிருக்கும். டெலிவரிக்கு முந்தைய பரிசோதனையில் இரண்டையும் நீக்க வேண்டும். கட்டையை எடுக்க மறந்தால் முன்பக்கம் கல்லைப் போல் இருக்கும், சிறு மேட்டிலும் 'டக்' என்று அடிக்கும், ஷாக் அப்சார்பர் போய்விட்டதென்று நினைத்து அலைவார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சக்கர வளைவுக்குள் ஃபோன் விளக்கை அடித்துச் சுருள்களைப் பாருங்கள். பிறகு பேட்டரி பற்றி ஒரு கேள்வி. கப்பலிலும் யார்டிலுமாக இரண்டு மூன்று மாதம் நின்ற வண்டியின் 12 வோல்ட் பேட்டரி ஒருமுறை முழுக்க இறங்கியிருந்தால் அதன் ஆயுள் குறைந்துவிட்டது. பரிசோதனைத் தாளில் பேட்டரி அளவீட்டுக்கு ஒரு வரி இருக்கும். அதில் எண் எழுதியிருக்கிறதா, வெறும் டிக் மட்டும்தானா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.